பைலட் வாங்க முதல் கியர்பொக்ஸைப் பாருங்கள், தம்பி

தம்பி, நீங்கள் கேட்டது நாலு கேள்வி. ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து ஆறு மாதம், வீட்டில் ஆறு பேர். 2011 ஹொண்டா பைலட் ஒன்று, 228,000 கிலோமீற்றர் ஓடினது, 6,500 டொலருக்கு வருகிறது. "அறுபதில் போகேக்க கொஞ்சம் நடுங்கும், ட்ரான்ஸ்மிஷன் இப்பதான் ஃப்ளஷ் செய்தது, சேஃப்ற்றியும் இருக்கு" என்று விற்கிறவர் சொல்கிறார். (ட்ரான்ஸ்மிஷன் என்பதும் கியர்பொக்ஸ்தான்; ஃப்ளஷ் என்றால் அதன் பழைய ஒயிலை மெஷினால் தள்ளி மாற்றுவது.) வாங்கலாமா? பிறகு இன்சூரன்ஸ், பேஸ்மென்ற் வாடகை, பிள்ளைகளின் வின்ரர் ஜக்கெற். கடைசி மூன்றையும் யாரிடமும் கேட்டுக்கொள்ளலாம். நான் வாகனத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். புதிதாக வந்த குடும்பத்தின் கையிருப்பை ஒரே கிழமையில் விழுங்கக்கூடியது ஒரு பழுதான கியர்பொக்ஸ்.

முதலில் அந்தச் சேஃப்ற்றி. ஒன்ராறியோவின் சேஃப்ற்றி சான்றிதழ் பிரேக், ஸ்ரியரிங், சஸ்பென்ஷன், ரயர், லைற், துரு இவற்றைப் பார்த்துக் கொடுப்பது. பெயர் மாற்றுவதற்கு அது 36 நாள் செல்லும், அவ்வளவுதான். கியர்பொக்ஸ் இன்னும் எத்தனை மாதம் ஓடும் என்று அது ஒரு வார்த்தை சொல்லாது. சாகக் கிடக்கிற ட்ரான்ஸ்மிஷனோடும் சேஃப்ற்றி பாஸாகலாம். எங்கள் சனத்தில் கனபேர் அந்தத் தாளை வாரன்ரி மாதிரி நினைக்கிறார்கள். "எங்கட ஆள்தானே, பொய் சொல்லமாட்டார்" என்பது அதைவிடப் பிழையான நினைப்பு. விற்கிறவருக்கே வாகனத்தின் நோய் தெரியாமல் இருக்கலாம்.

அந்த நடுக்கத்துக்கு வருவோம். 2009 முதல் 2015 வரை வந்த பைலட்டில் இருப்பது ஐந்து கியர் ஓட்டோமற்றிக். எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவில் ரோர்க் கன்வேட்டர் இருக்கும்; எஞ்சினின் சுழற்சியை ஒயில் வழியாகக் கியர்பொக்ஸுக்குக் கொடுப்பது அது. அதற்குள் ஒரு லொக்அப் கிளட்ச். சீரான வேகத்தில் போகும்போது அது பிடித்துக்கொண்டு எஞ்சினையும் கியர்பொக்ஸையும் ஒன்றாகச் சுற்றவைக்கும். ஒயில் பழுதாகினால், அல்லது கிளட்ச் தேய்ந்தால், முழுதாகப் பிடிக்காமல் வழுக்கிப் பிடித்து, வழுக்கிப் பிடித்து அதிரும். ஹைவே கரையில் வெட்டி வைத்திருக்கும் வரிக்கோடுகளில் ரயர் ஏறினால் வருமே, அதே அதிர்வு. மணிக்கு 40க்கும் 80 கிலோமீற்றருக்கும் இடையில், அக்சிலரேற்றரை மெதுவாக மிதித்துப் போகும்போதுதான் வரும்.

இதைப் பிடிக்க ஒரு சோதனை. வெறுமையான ரோட்டில், பின்னால் ஒருவரும் வராதபோது, அதிர்வு வரும் வேகத்தைப் பிடியுங்கள். அக்சிலரேற்றரை அசைக்காமல், மற்றக் காலால் பிரேக்கை லைற் எரிகிற அளவுக்கு மட்டும் தொடுங்கள். பிரேக் தொட்டதும் லொக்அப் விட்டுவிடும். நடுக்கம் உடனே நின்றால் கன்வேட்டரைச் சந்தேகிக்க வேண்டும். நிற்காவிட்டால் வேறு இடம் பாருங்கள். அக்சிலரேற்றரை அழுத்தி மிதிக்கும்போது மட்டும் என்றால் அக்ஸிலாக, அதாவது வீலைச் சுற்றும் தண்டாக, இருக்கலாம். 100க்கு மேலே மட்டும் என்றால் வீல் பலன்ஸ். டாஷில் பச்சை எக்கோ லைற் எரியும்போது மட்டும் என்றால், சிலிண்டர்களை நிறுத்தி ஓடும் விசிஎம் வேலை செய்கிற நேரம் அது; எஞ்சினைத் தாங்கும் மவுன்ற் செத்திருக்கலாம். செக் எஞ்சின் லைற் கண் சிமிட்டினால் மிஸ்ஃபயர், அதாவது ஒரு சிலிண்டரில் பெற்றோல் சரியாக எரியவில்லை. இந்த எஞ்சினில் விசிஎம் காரணமாக ஸ்பார்க் பிளக்கில் ஒயில் படிவது வழக்கம்.

பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிராக இருக்கவேண்டும் என்று முதல்நாளே சொல்லி வையுங்கள். போனதும் பொனற்றில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்க ஓடவிட்டு வைத்திருக்கிறார் என்று எடுங்கள். ஸ்ராட் பண்ணி, பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸ் போடுங்கள், பிறகு டிரைவ். இரண்டு செக்கனுக்கு மேல் யோசித்துவிட்டுத் தடாலென்று இடித்தால் நல்ல அறிகுறி இல்லை. பிறகு அரை மணித்தியாலமாவது ஓடுங்கள், ஏனென்றால் கியர்பொக்ஸ் நோய் சூட்டில்தான் வெளியே வரும். 401 ஹைவேயில் கொஞ்சம். அதன்பின் பிரிம்லி ரோட்டால் தெற்கே இறங்கி ப்ளஃபர்ஸ் பார்க்குக்குப் போய், அதே ஏற்றத்தில் திரும்பி ஏறுங்கள். ஏற்றத்தில் எஞ்சின் கத்தி வாகனம் ஏறாமல் நின்றால் உள்ளே கிளட்ச் வழுக்குகிறது. டாஷில் 'டி' எழுத்து மின்னினால் கியர்பொக்ஸ் கொம்பியூட்டர் பிழை ஒன்றைப் பதிந்திருக்கிறது.

நாற்பது டொலருக்குள் ஒரு ஓபிடி ஸ்கானர் வாங்கிக்கொண்டு போங்கள்; வாகனக் கொம்பியூட்டர் பதிந்த பிழைக் கோட்டை வாசிக்கும் சின்னக் கருவி அது. பி0740, பி0741 லொக்அப் பற்றியது. பி0730 கியர் விகிதம் பிழை. கோட் ஒன்றும் இல்லையென்றாலும், வாகனம் தன்னைத்தானே சோதிக்கும் சோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் 'ரெடினஸ்' பக்கத்தைப் பாருங்கள். பல சோதனைகள் முடியாமல் கிடந்தால், கிட்டடியில் யாரோ கோட்டை அழித்திருக்கிறார்கள், அல்லது பற்றரி கழற்றியிருக்கிறார்கள்.

ஒயில் பார்க்கும் முறை ஹொண்டாவில் வேறு. பல வாகனங்களில் எஞ்சின் ஓட ஓடப் பார்ப்பார்கள். இதில் நன்றாகச் சூடாக்கி, நிற்பாட்டி, 60 முதல் 90 செக்கனுக்குள் டிப்ஸ்ரிக்கை (ஒயில் அளவு பார்க்கும் கம்பியை) இழுத்து வெள்ளை ரிஷ்யூவில் துடையுங்கள். சிவப்பு நல்லது. மண்ணிறம் பழசு. கறுப்பும் எரிந்த மணமும் என்றால் விட்டுவிடுங்கள். ஸ்ரோபெரி பால் நிறம் என்றால் ரேடியேற்றர் தண்ணீர் கலந்துவிட்டது. அதற்குப் பெயர்போனவை 2005 தொடக்கம் 2010 வரையான நிசான் பாத்ஃபைண்டர்கள். பாத்ஃபைண்டர் மலிவு என்று யாராவது சொன்னால், அந்த வருட மொடல்களுக்கு ரேடியேற்றர் மாற்றின பில் கேளுங்கள். 2013, 2014 என்றால் அதன் சிவிடிக்காகவே (படிப்படியான கியர் இல்லாத கியர்பொக்ஸ்) தள்ளி நில்லுங்கள். இங்கே வின்ரரில் ரோட்டில் போடும் உப்பு ஒயில் கூலர் குழாய்களையும் அரிக்கும், ஆகவே எந்த வாகனமென்றாலும் கீழே படுத்து ரோர்ச் அடித்துப் பார்க்கவேணும்.

228,000 ஓடினதில் ஒயில் புத்தம் புதிதாகச் சிவந்திருப்பது எனக்கு விருப்பமில்லாத சங்கதி. விற்பதற்கு முதல்நாள் மாற்றினால் நடுக்கம் கொஞ்ச நாள் அடங்கும். ஃப்ளஷ் செய்த பில்லைத் திகதியோடு கேளுங்கள், என்ன ஒயில் ஊற்றினது என்றும் கேளுங்கள். இதற்குரியது ஹொண்டா டிடபிள்யூ-1. 'எல்லாத்துக்கும் பொருந்தும்' என்று எழுதின ஒயில் ஊற்றியிருந்தால் நடுக்கத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

சோதனைகளில் தப்பி, மெல்லிய நடுக்கம் மட்டும்தான் என்று வாங்கினால், மெஷின் ஃப்ளஷுக்குக் கொடுக்காதீர்கள். அது அடியில் படிந்த தூளை வால்வுகளுக்குள் தள்ளிவிடலாம். பழைய ஒயிலை வடித்துப் புதிது ஊற்றுங்கள், மூன்று முறை. ஒரு முறை வடித்தால் மூன்று லீற்றருக்குச் சற்று மேலேதான் வரும். உள்ளே மொத்தம் எட்டு லீற்றருக்கு மேல். மிச்சம் கன்வேட்டருக்குள் நின்றுவிடும். மூன்று முறையில் ஏறக்குறைய முக்கால்வாசிக்கு மேல் புதிதாகும். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் எல்லாக் கியரும் விழும்படி கொஞ்சம் ஓடவேணும். வடிக்கும் பிளக்கில் 3/8 அங்குலச் சதுர ரச்செற் நேரே பொருந்தும். பிளக்கின் காந்தத்தில் சாம்பல் பசை இருப்பது வழக்கம்; ஊசி ஊசியாக இரும்பு இருந்தால் உள்ளே பல் உடைகிறது. அலுமினிய வாஷரைப் புதிதாகப் போட்டு 49 நியூட்டன் மீற்றருக்கு இறுக்குங்கள். நாலு வீலும் இழுக்கும் பைலட் என்றால், பின் வீல்களுக்குச் சுழற்சியைப் பிரிக்கும் பின் டிஃபரன்ஷியலுக்கு வேறு ஒயில், விடிஎம்-4. இரண்டையும் மாற்றி ஊற்றிக் கெடுத்தவர்கள் இருக்கிறார்கள். மூன்று முறைக்குப் பிறகும் அதிர்ந்தால் கன்வேட்டர் போகிறது. அதன்பின் கதை நாலாயிரம் டொலரில் தொடங்கும்.

இதே எஞ்சினில் வால்வையும் பிஸ்ரனையும் ஒத்து ஓடவைக்கும் ரைமிங் பெல்ற் உண்டு. 168,000 கிலோமீற்றர் அல்லது ஏழு வருடம், எது முதலோ அப்போது மாற்றவேணும். அறுந்தால் வால்வும் பிஸ்ரனும் மோதும். பில் இல்லையா, மாற்றவில்லை என்றே எடுத்து விலையில் ஆயிரத்துக்கு மேல் குறையுங்கள்.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. தனியாள் விற்றால், பழைய வாகனத்தின் பதிவு விபரங்கள் உள்ள யுவிஐபி என்ற 20 டொலர்ப் பொதியை அவர்தான் தரவேணும். அதில் உள்ள பெயரும் விற்கிறவரின் லைசன்ஸ் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் அவர் லைசன்ஸ் இல்லாமல் ஒளித்து வாகன வியாபாரம் செய்கிற ஆளாக இருக்கலாம். கடன் பாக்கி இருக்கா என்றும் அதில் பாருங்கள். வேறு மாகாணக் கடன் அதில் வராது. விலையைக் குறைத்து எழுதினால் வரி மிச்சம் என்று சொல்வார்கள். 13 வீத வரி வாங்கின விலைக்கோ வாகனத்தின் ஹோல்சேல் பெறுமதிக்கோ, எது கூடவோ அதற்குத்தான். டீலரிடம் வாங்கினாலும், கையெழுத்து வைத்தபின் மனம் மாறித் திருப்பிக் கொடுக்கும் நாட்கள் என்று ஒன்றும் ஒன்ராறியோவில் இல்லை.

பழசு வாங்குவது வெட்கம், லீஸில் ஜெர்மன் வாகனம் எடு என்று சொல்லும் சொந்தக்காரர் உங்களுக்கும் இருப்பார். கேட்காதீர்கள். தொண்ணூறுகளில் வந்த எங்கள் சனம் இரண்டு வேலை செய்துகொண்டு, அப்பார்ட்மென்ற் பார்க்கிங்கில் குளிரில் குனிந்து இப்படித்தான் டிப்ஸ்ரிக் துடைத்து, தாங்களே ஒயில் மாற்றப் பழகியது. ஒரு கறவான் வானில் எட்டுப் பேர் ஃபக்ரறிக்குப் போய், பெற்றோலைப் பங்கிட்டு, அந்தக் காசில்தான் வீடு வாங்கினார்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஒருவரும் இருக்கவில்லை. கியர்பொக்ஸ் போனால் ரோட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தார்கள்.

விற்கிறவர் ட்ரான்ஸ்மிஷன் கடையில் காட்ட விடமாட்டேன் என்றால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். சம்மதித்தால், அவர் சொல்லும் கடைக்கு இல்லை, நீங்கள் தெரிந்தெடுத்த கடைக்குக் கொண்டுபோங்கள். கூலி நூறு, நூற்றைம்பது வரும். அதை நீங்களே கொடுங்கள்.