பயன்படுத்திக்கொண்டே காடுகளைக் காக்கும் கொள்கை எங்கே தோன்றியது?

மரத்தை வெட்டிக்கொண்டே காட்டையும் காக்கலாம் என்ற கொள்கை அமெரிக்காவில்தான் பிறந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். அதன் வேர் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில், வெள்ளிச் சுரங்கங்களை ஒட்டி இருக்கிறது. தாதுவை உருக்கும் உலைகளுக்கு மரக்கரி ஓயாமல் தேவைப்பட்டதால் சுற்றுவட்டாரக் காடுகள் மொட்டையாகிக்கொண்டிருந்த நிலையில், ஃப்ரைபெர்க் சுரங்க நிர்வாகி ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், மீண்டும் வளரும் அளவுக்கே மரம் வெட்ட வேண்டும் என்று 1713இல் நூலெழுதி வாதிட்டார் (உலை அணைந்துவிடுமோ என்பதே சுரங்கக்காரரின் கவலை!). அந்த ஜெர்மானிய வனவியலைப் பர்மாவிலும் இந்தியாவிலும் நடைமுறைப்படுத்திய வனவியலாளர் டீட்ரிக் பிராண்டிஸ், பின்னாளில் கிஃபோர்ட் பின்ஷோ என்ற அமெரிக்க இளைஞருக்கு வழிகாட்டினார். 1905இல் அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவரான பின்ஷோ, இயற்கையைப் பயன்படுத்திக்கொண்டே காக்கலாம் என்ற அதே கொள்கைப்படி, சான் பிரான்சிஸ்கோவின் குடிநீருக்காக யோசெமிட்டி தேசியப் பூங்காவிலுள்ள ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் அணை கட்டுவதை ஆதரித்தார். இயற்கையைத் தொடாமல் விட வேண்டும் என்ற இயற்கை ஆர்வலர் ஜான் மியூர் கடுமையாக எதிர்த்தும், 1913இல் அதற்கு அனுமதி கிடைத்தது.