கால்சியம் ஸ்கோர் 412: பயப்பட வேண்டியது அதற்கா, தாறுமாறாக ஓடும் நாடிக்கா?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “அப்பாவுக்கு 68 வயது. பிரஷர், சுகர் இரண்டும் உண்டு. படபடப்பு என்று பாளையங்கோட்டையில் காட்டினோம். ஈ.சி.ஜி.யில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். சி.டி. ஸ்கேனில் கால்சியம் ஸ்கோர் 412. அப்பா வாலிபத்திலிருந்தே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிப் போடுகிறவர். அதுதான் ரத்தக்குழாயில் படிந்துவிட்டதா? பாலையும் கேப்பைக்கூழையும் நிறுத்திவிட்டோம். அப்பிக்ஸபான் மாத்திரை சாப்பிட்டால் ஈறில் ரத்தம் கசிகிறது, அத்தையும் பயமுறுத்தியதால் அதையும் நிறுத்திவிட்டார். படிந்த கால்சியத்தைக் கரைக்க வழி உண்டா?”

கடைசிக்கு முந்தைய வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அம்மா, இந்தப் பதிலை முழுதும் படிக்கும் முன் அப்பாவைப் பார்த்த டாக்டருக்குப் போன் போட்டு, மாத்திரை நின்றுபோனதைச் சொல்லுங்கள். மறுபடி எப்போது தொடங்கலாம் என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள். இதய ரத்தக்குழாயில் படிந்த கால்சியத்தைக் காட்டும் 412 என்ற எண்ணைப் பார்த்து நீங்கள் பயந்திருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது நிறுத்திவிட்ட அப்பிக்ஸபான்தான், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை அது.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இதயத்தின் மேல் அறைகள் சுருங்கி விரிவதற்குப் பதிலாக வெறுமனே நடுங்குகின்றன. இடது மேல் அறையின் ஓரத்தில் சிறு பை போன்ற ஒரு இடம் உண்டு. நடுக்கத்தால் அங்கே ரத்தம் தேங்கி உறையலாம். உறைந்த துண்டு கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் மற்றவர்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு. படபடப்பு வந்து வந்து போனாலும், ஒன்றுமே தெரியாவிட்டாலும் அபாயம் இருக்கத்தான் செய்கிறது. யாருக்கு இந்த மாத்திரை வேண்டும் என்று நாங்கள் மதிப்பெண் போட்டுப் பார்ப்போம். வயது 65 தாண்டியதற்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, சுகருக்கு ஒன்று. ஆண்களுக்கு இரண்டு வந்தாலே மாத்திரை வேண்டும். உங்கள் அப்பாவுக்கு மூன்று.

இந்த மருந்தின் வேலை உடம்பில் அதிக நேரம் நிற்காது. அதனால்தான் காலையும் இரவும் கொடுக்கிறோம். ஓரிரு நாள் விட்டாலே பாதுகாப்பு போய்விடும். விட்டதை ஈடுகட்ட இரண்டாகச் சேர்த்துப் போடவும் கூடாது. ஈறில் கசிந்தால் மெல்லிய பிரஷ்ஷுக்கு மாறி, பல் டாக்டரிடம் சுத்தம் செய்துகொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். மலம் கறுப்பாகப் போவது, சிறுநீர் சிவப்பது, விழுந்து தலையில் அடிபடுவது, இவை வேறு. அப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் இதனோடு சேர்ந்தால் ரத்தப்போக்கு கூடும், அவை வேண்டாம். இதற்குப் பதில் ஆஸ்பிரின் போதுமே என்று யாராவது சொன்னால், போதாது.

நாடியை வீட்டிலேயே பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். அப்பாவை ஐந்து நிமிடம் உட்கார வைத்து, மணிக்கட்டில் கட்டைவிரலுக்குக் கீழே உங்கள் மூன்று விரல்களை மெதுவாக வையுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது இங்கே உதவாது. முழு நிமிடமும் எண்ண வேண்டும். சிலருக்கு ஒழுங்காக ஓடும் நாடியில் நடுவே ஒரு துடிப்பு மட்டும் தவறும், அது பெரும்பாலும் பெரிய விஷயமில்லை. இந்த நோயில் எந்த ஒழுங்குமே பிடிபடாது. இரண்டு வேகமாக வரும், ஒன்று தாமதிக்கும், அடுத்தது அமுங்கிப் போகும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 110க்கு மேல் ஓடினால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். வாய் கோணினால், பேச்சு குழறினால், ஒரு பக்கக் கை தொய்ந்தால் 108ஐக் கூப்பிட்டு, சி.டி. ஸ்கேன் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரே போங்கள். உறைவைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம். உங்கள் ஊரிலிருந்து பாளையங்கோட்டை போகவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். கடைசியாக மாத்திரை போட்ட நேரத்தை அங்கே மறக்காமல் சொல்ல வேண்டும்.

சரி, சுண்ணாம்புக்கு வருவோம். வெற்றிலைச் சுண்ணாம்பு நேரே போய் ரத்தக்குழாயில் ஒட்டுவதில்லை. ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் போர் தண்ணீர் குடிக்கிறவர்களும் தவலைப்பானையின் அடியில் படியும் வெள்ளையைக் காட்டி இதையேதான் கேட்கிறார்கள். தண்ணீர் காயும்போது பானையில் படிவதுபோல் உடம்புக்குள் நடப்பதில்லை. ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைத் தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகளும் சிறுநீரகமும் வைட்டமின் டி-யும் கட்டிக் காக்கின்றன. ரத்தக்குழாய்ச் சுவரில் முதலில் சேருவது கொழுப்பு. அது அங்கே அழற்சியை உண்டாக்குகிறது. அந்தப் புண் ஆறும் வழியில், தழும்பு விழுகிற மாதிரி, கால்சியம் வந்து இறுகுகிறது. ஸ்கேன் படத்தில் எலும்பு போல வெள்ளையாகத் தெரிவது அந்தத் தழும்புதான். வெற்றிலையோடு புகையிலையும் போடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. போடுகிறார் என்றால் அதை நிறுத்துங்கள், ரத்தக்குழாயைக் கெடுப்பது அதுதான். பாக்கு வாய்ப் புற்றுநோயைத் தருவது, அதையும் விடுவது நல்லது.

பாலையும் கேப்பைக்கூழையும் திருப்பிக் கொடுங்கள். ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் எலும்புக்கு வேண்டும். நூறு கிராம் கேப்பையில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. உணவில் வரும் கால்சியத்தால் ரத்தக்குழாய் அடைபடுவதில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு, அவர்கள் தங்கள் டாக்டரைத்தான் கேட்க வேண்டும். யாரும் எழுதித் தராமல் கால்சியம் மாத்திரையைத் தானாக வாங்கிப் போடுவதும் வேண்டாம். முருங்கைக்கீரை கூடாது என்று சொல்வார்கள். கீரையை அளவு மாறாமல் சாப்பிட வேண்டும் என்ற கட்டுப்பாடு, ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மாத்திரையான வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு. அப்பிக்ஸபானுக்கு அது கிடையாது. உங்கள் ஊரில் நான் குறைக்கச் சொல்வது அப்பளத்தை. அதிலுள்ள உப்பு பிரஷரை ஏற்றும். பிரஷர் ரத்தக்குழாயையும் கெடுக்கும், மேல் அறையை விரிய வைத்து நாடியையும் கெடுக்கும். இரண்டு கோளாறும் சேர்ந்தே வருவதற்கு வயது, பிரஷர், சுகர் ஆகியவைதான் பொதுக் காரணம். ஸ்கோர் 412 ஆனதால்தான் நாடி கெட்டது என்று முடிச்சுப் போட வேண்டாம்.

கரைக்க வழி இல்லை. எலுமிச்சை, இஞ்சி, பூண்டு, வினிகர் காய்ச்சிய சாறு வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. அதனால் கால்சியம் கரையாது. குழம்பில் போடும் பூண்டு சரி. பூண்டுச் சாறும் கேப்ஸ்யூலும் அப்பிக்ஸபானோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடலாம். அடைப்பைக் கரைக்கும் ட்ரிப் என்று ஈ.டி.டி.ஏ. என்ற ரசாயனத்தை ஏற்றுகிறார்கள். ஏற்கெனவே மாரடைப்பு வந்த சுகர்காரர்களிடம் செய்த பெரிய ஆய்வு 2024இல் வெளிவந்தது. அதில் பலன் எதுவும் தெரியவில்லை. அதற்குக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

ஸ்கோர் 400க்கு மேல் என்றால் ரத்தக்குழாயில் நோய் நிறைய இருக்கிறது என்று பொருள். அடைப்பு இத்தனை சதவீதம் என்று அது சொல்வதில்லை. நடந்தால் நெஞ்சு இறுகுகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் மேற்கொண்டு சோதிக்க வேண்டும். தொந்தரவே இல்லாதவருக்கு இந்த எண்ணை மட்டும் வைத்து ஸ்டென்ட் வைப்பதில்லை. வேண்டியது கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, கெட்ட கொழுப்பு 70க்குக் கீழே, பிரஷரும் சுகரும் கட்டுக்குள். ஸ்டாட்டின் சாப்பிடும்போது ஸ்கோர் சற்று ஏறவும் கூடும். கொழுப்பு இறுகி நிலையாவதன் அடையாளம் அது. ஆகவே வருடா வருடம் இந்த ஸ்கேனை எடுத்துப் பார்த்து மனம் ஒடிய வேண்டாம்.

இதயத்துக்கு எடுக்கும் எக்கோ ஸ்கேனைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒன்றும் இல்லை. எடுக்காவிட்டால் உடனே எடுங்கள், தைராய்டு ரத்தப் பரிசோதனையும் சேர்த்து. இதய வால்வில் கால்சியம் படிந்து சுருங்கியிருக்கிறதா என்று எக்கோவில் தெரியும். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் இடப்பக்க மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் நம் பக்கம் இன்னும் வருகிறார்கள். அப்பாவுக்கும் அப்படி இருந்தால் அப்பிக்ஸபானை மாற்றி வார்ஃபரின் கொடுக்க வேண்டியிருக்கும், அதற்கு மாதா மாதம் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்க்க வேண்டும். போனில் பேசும்போதே இதையும் கேட்டுவிடுங்கள்.