‘உடம்பு உருகுகிறது’ என்கிறார்கள், உண்மையா டாக்டர்?

கேள்வி: எனக்கு 36 வயது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மூன்று வாரமாக வெள்ளைப்படுதல் அதிகமாக இருக்கிறது. தயிர்த் திப்பி மாதிரி வருகிறது. நாற்றம் இல்லை, ஆனால் அரிப்பு தாங்க முடியவில்லை, சிறுநீர் போனால் எரிகிறது. இந்த வருடத்தில் இது மூன்றாவது தடவை. பல்வலிக்கு ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்ட பிறகுதான் இந்தத் தடவை ஆரம்பித்தது. மெடிக்கலில் கொடுத்த க்ரீம் தடவினால் இரண்டு நாள் அடங்கி மறுபடி வருகிறது. டெட்டால் கலந்த தண்ணீரில் தினமும் கழுவுகிறேன். உடம்பு உருகி வெள்ளையாகப் போகிறது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், சூடு என்கிறார் மாமியார். கணவரிடமிருந்து வந்திருக்குமோ என்றும் பயம். இரண்டாவது பிரசவத்தின்போது கொஞ்சம் சர்க்கரை இருந்ததாகச் சொன்னார்கள், அப்புறம் சரியாகிவிட்டது.

பதில்: முதலில் அந்த உருகும் பயத்தை விட்டுவிடுங்கள். எலும்போ சத்தோ கரைந்து அந்த வழியாக வருவதில்லை. வெள்ளைப்படுதலால் உடம்பு இளைக்கிறது என்று சொல்லி என்னிடம் வந்த பல பெண்களுக்கு ரத்தம் சோதித்தால் ஹீமோகுளோபின்தான் குறைவாக இருந்திருக்கிறது. அசதிக்கும் முதுகுவலிக்கும் காரணம் அங்கே இருக்க, பழி மட்டும் வெள்ளைப்படுதல் மேல் விழுந்திருக்கும்.

பிறப்புறுப்பு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் இடம். பழைய செல்களும், கர்ப்பப்பை வாயில் சுரக்கும் திரவமும், அங்கே குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களும் கலந்து வருவதுதான் இயல்பான வெள்ளைப்படுதல். ஒரு நாளில் ஒரு சின்ன ஸ்பூன் அளவு வருவது சாதாரணம். பீரியட்ஸ் முடிந்த சில நாளில் குறைவாக இருக்கும். முட்டை வெளியாகும் சமயத்தில் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக, இழுத்தால் நீளும்படி வரும். அதற்குப் பிறகு கெட்டியாகி வெள்ளையாக மாறும். உள்ளாடையில் காய்ந்தால் லேசான மஞ்சள் தெரியும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கர்ப்ப காலத்தில் இதெல்லாம் கூடும். வெள்ளையாக வருகிறதே என்று கவலைப்படுவதைவிட, வழக்கமாக உங்களுக்கு வருவதிலிருந்து என்ன மாறியிருக்கிறது என்று கவனிப்பதுதான் முக்கியம்.

உங்களுக்கு மாறியிருக்கிறது. திப்பி திப்பியாக, நாற்றமில்லாமல், கடும் அரிப்போடு வருவதைப் பார்த்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கேண்டிடா என்ற இந்தப் பூஞ்சை பல பெண்களின் உடலில் சத்தமில்லாமல் இருப்பதுதான். நான்கு பெண்களில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது தொல்லை கொடுக்கிறது. பாலைத் தயிராக்கும் பாக்டீரியாவின் உறவுக்காரர்களான லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் அந்த இடத்தைப் புளிப்பாகவே வைத்திருந்து கிருமிகளை அடக்கி வைக்கின்றன. பல்வலிக்குச் சாப்பிட்டது பெரும்பாலும் ஆன்டிபயாடிக்காக இருக்கும். அது பல்லில் இருந்த கிருமியோடு இந்தக் காவலர்களையும் அழித்துவிடும், பூஞ்சை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். (இதைப் படித்துவிட்டுத் தயிரை எடுத்து அங்கே தடவ வேண்டாம். பயனில்லை, எரிச்சல்தான் மிஞ்சும்.)

டெட்டாலை இன்றே நிறுத்துங்கள். அதுவும் அதே காவலர்களைத்தான் கொல்கிறது, தோலையும் புண்ணாக்குகிறது. உங்கள் எரிச்சலில் ஒரு பங்கு அதனால்கூட இருக்கலாம். வெளிப்பக்கம் மட்டும் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும், உள்ளே எதையும் பீய்ச்சிக் கழுவக் கூடாது.

அடுத்து அந்த க்ரீம். டியூபை எடுத்துப் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். குளோபெட்டசால், பெக்லோமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று அர்த்தம். அது அரிப்பை அமுக்கும், பூஞ்சையை வளரவிடும். இரண்டு நாள் அடங்கி மறுபடி வருவதாக நீங்கள் எழுதியிருப்பது அதற்குப் பொருந்துகிறது. தொடர்ந்து தடவினால் அந்த மெல்லிய தோல் இன்னும் மெலிந்து வெடிக்கும். கடைக்காரரிடம் கூச்சத்தோடு பாதியைச் சொல்லி, அவர் பாதியைப் புரிந்துகொண்டு கொடுத்த மருந்தால் புண்ணாகி வந்த பெண்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் கடைசி வரிதான் என்னை நிறுத்தியது. கர்ப்பத்தின்போது சர்க்கரை வந்த பெண்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பிரசவத்தோடு சரியாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது, வருடத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை கூடினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஒரே வருடத்தில் மூன்று தடவை வந்திருக்கிறது என்றால், பூஞ்சைக்கு மருந்து எழுதுவதோடு சர்க்கரையையும் பார்த்தே ஆக வேண்டும். வெறும் வயிற்றில் ஒரு தடவை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை, கூடவே மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரை பார்ப்பார்கள்.

மகப்பேறு மருத்துவரை நேரில் பாருங்கள். பீரியட்ஸ் இல்லாத நாளில் போங்கள், முந்தைய இரண்டு நாள் உள்ளே எந்த மருந்தும் வைக்காதீர்கள். ஸ்பெக்குலம் என்ற கருவியை வைத்துப் பார்த்து, பஞ்சுக் குச்சியால் கொஞ்சம் திரவம் எடுப்பார்கள். கொஞ்சம் அசௌகரியமாக இருக்கும், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அதைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சையின் கிளைவிட்ட இழைகள் தெரியும். அடிக்கடி வருகிறவர்களுக்கு எந்த வகைப் பூஞ்சை என்று அறிய, அதை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கும் அனுப்புவோம்.

பூஞ்சைதான் என்றால் குளோட்ரிமசோல் என்ற உள்ளே வைக்கும் மாத்திரையோ, புளூகோனசோல் 150 மில்லிகிராம் விழுங்கும் மாத்திரையோ கொடுப்பார்கள். சாதாரணமாக ஒரு மாத்திரையே போதும். உங்களைப் போல மறுபடி மறுபடி வருகிறவர்களுக்கு மூன்று நாளுக்கு ஒன்றாக மூன்று மாத்திரை, பிறகு வாரம் ஒன்று வீதம் ஆறு மாதம் வரை தேவைப்படலாம். நாள் தள்ளிப் போயிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கர்ப்பத்தில் விழுங்கும் மாத்திரை கொடுப்பதில்லை.

கணவரைப் பற்றிய பயம் வேண்டாம். பூஞ்சைத் தொற்றைப் பால்வினை நோயாகக் கணக்கிடுவதில்லை. திருமணமாகாத பெண்களுக்கும் வருகிறது. அவருக்கு அரிப்போ சிவப்போ இருந்தால் மட்டும் அவரும் காட்டட்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு மாற்றம் வேறு மாதிரி இருக்கலாம். சாம்பல் கலந்த வெள்ளையாக, தண்ணியாக, மீன் நாற்றத்தோடு வந்தால், அதுவும் உடலுறவுக்குப் பிறகு நாற்றம் கூடினால், நல்ல பாக்டீரியா குறைந்து மற்றவை பெருகியிருக்கும். அதற்குப் பூஞ்சை மருந்து வேலை செய்யாது, மெட்ரோனிடசோல் வேண்டும். மஞ்சளோ பச்சையோ கலந்து நுரையாக வந்தால் டிரைகோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியின் தொற்றாக இருக்கலாம். இது உடலுறவு வழியாகப் பரவுவது, கணவனும் மனைவியும் ஒரே சமயத்தில் மருந்து சாப்பிடாவிட்டால் மறுபடி வரும். அரசு மருத்துவமனைகளில் இவற்றுக்கெல்லாம் மருந்து இலவசம்.

அடிவயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே போக வேண்டும், தொற்று கர்ப்பப்பைக்கும் குழாய்களுக்கும் ஏறியிருக்கலாம். உடலுறவுக்குப் பிறகு ரத்தம் பட்டாலோ, மாதவிடாய் நின்றவர்களுக்கு ரத்தம் கலந்து நாற்றத்தோடு வந்தாலோ புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு சுகாதார நிலையங்களில் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தொட்டுப் பார்க்கும் சோதனை உண்டு. உங்களுக்கு 36 வயது. தொற்று ஆறியதும் ஒரு நாள் அதையும் செய்துகொள்ளுங்கள்.

வேலையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நைலான் உள்ளாடையை விட்டுப் பருத்திக்கு மாறுங்கள், வியர்வையில் நனைந்தால் மாற்ற ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். தினமும் வைக்கும் மெல்லிய பேடும் ஈரத்தைத் தேக்கும், இப்போதைக்கு வேண்டாம். இந்த வாரம் ஒரு அரை நாள் லீவு போட்டு, வெறும் வயிற்றோடு கிளம்புங்கள். அந்தக் க்ரீம் டியூபையும் பல்வலி மாத்திரை அட்டையையும் பையில் போட்டு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டாவது பிரசவத்தில் சர்க்கரை இருந்ததை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.