வேலையை விடலாமா, வண்டியை விடலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. பதினாறு ஆண்டுகளாக மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். மாதம் ஒருமுறை நண்பர்களோடு மோட்டார் சைக்கிளில் ஜவ்வாது மலைக்குச் சென்று, பள்ளிகளுக்கு நோட்டுப் புத்தகங்கள் கொடுத்து வருகிறோம். சென்ற மாதம் ஒரு தலைமையாசிரியை, "நோட்டு போதும் சார், கர்ப்பிணிகளைப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான் ஆள் இல்லை" என்றார். வேலையை விட்டுவிட்டு, வண்டியையும் சேவையையும் முழுநேரமாக இணைத்துக்கொள்ள விரும்புகிறேன். மனைவி வேலைக்குச் செல்லவில்லை. மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். செய்யலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், துரைப்பாக்கம்

பதில்: அந்த அம்மையார் சொன்னதில் பாதிதான் உங்கள் காதில் விழுந்திருக்கிறது. நிறைமாதக் கர்ப்பிணியை மலைப்பாதையில் பின்னிருக்கையில் உட்காரவைத்து இறக்க முடியாது. அங்கே வேண்டியது ஒரு ஜீப்பும், குறித்த நாளில் தவறாமல் அதை ஓட்டிவரும் ஒருவரும்தான். ஆகவே, வேலையை விடுவீர்களா என்று கேட்பதற்கு முன், தேவைப்பட்டால் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்குவீர்களா என்று உங்களைக் கேட்கத் தோன்றுகிறது.

இரு சக்கர வண்டியே பொருத்தமான இடங்களும் உண்டு. மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரி மாவட்டத்தில், ஆம்புலன்ஸ் கிடைக்காமல் தாயை இழந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளி கரிமுல் ஹக், பின்னொரு நாள் மயங்கி விழுந்த சக தொழிலாளியைத் தம் முதுகோடு சேர்த்துக் கட்டி, மோட்டார் சைக்கிளிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அதையே தொடர்ந்து செய்து 2017இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் வேலையை விட்டுவிட்டு இதற்கு வரவில்லை; தோட்டக் கூலியில்தான் பெட்ரோல் போட்டார்.

இன்னொரு பாடம் ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. 1980களின் பிற்பகுதியில் சோமாலியா சென்ற பந்தய வீரர் ராண்டி மமோலாவும் பத்திரிகையாளர் பாரி கோல்மனும், சுகாதாரப் பணியாளர்களுக்கு நன்கொடையாக வந்த மோட்டார் சைக்கிள்கள் பராமரிப்பின்றி ஓடாமல் கிடப்பதைக் கண்டார்கள். பாரியும் அவர் மனைவி ஆண்ட்ரியாவும் மமோலாவோடு சேர்ந்து உருவாக்கிய 'ரைடர்ஸ் ஃபார் ஹெல்த்', புது வண்டி வாங்கித் தருவதைவிட, இருக்கும் வண்டி நடுவழியில் நிற்காமல் பார்த்துக்கொள்வதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டது. லெசோத்தோவின் மலைக் கிராமங்களிலிருந்து இரத்த, சளி மாதிரிகளை ஆய்வகத்துக்கு ஏற்றிச் சென்றவர்களும் அதன் ஓட்டுநர்கள்தாம். செயினைத் துடைத்து எண்ணெய் விடுவதும், தேய்ந்த பிரேக் ஷூவை உரிய நேரத்தில் மாற்றுவதும் புகைப்படத்தில் அழகாக இராது என்பது வேறு விஷயம். (பெட்டிக்குள்ளிருந்து நோட்டை எடுத்துப் பிள்ளையிடம் நீட்டும் படம் உங்கள் குழுவிடமும் இருக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.)

வட்டார மருத்துவ அலுவலரை ஒரு வார நாளில் போய்ப் பாருங்கள். வீடு தேடி மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் நடக்கிறது. அதன் பணியாளர்களுக்கு எந்தக் கிராமத்துக்குப் போய்வருவது கடினமாக இருக்கிறது என்று கேளுங்கள். மருந்தையோ மாதிரியையோ அவர்கள் அனுமதியின்றி நீங்களாகச் சுமக்கவே கூடாது.

ராஜினாமாக் கடிதம் இப்போது வேண்டாம். சம்பளமில்லா விடுப்பில் இரண்டு மாதம், அதுவும் ஐப்பசி, கார்த்திகையில், நண்பர்கள் இல்லாமல் தனியாக ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூரில் அறை எடுத்துத் தங்குங்கள். மழையில் நாற்பதாவது முறை அதே வளைவில் திரும்பும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்பதை மனைவியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பிறகும் உறுதியாக இருந்தால், நிறுவனத்தின் குழுக் காப்பீடு வேலையோடு போய்விடும் என்பதை நினைவில் வைத்து, குடும்பத்துக்குத் தனி மருத்துவக் காப்பீட்டை வேலையில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்; ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 36 மாதம் வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம். வண்டிக் காப்பீட்டோடு வரும் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு உங்கள் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்குமே பயன்படும். கால் முறிந்து மூன்று மாதம் படுத்திருந்தால் மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் வராது.