ஒரே ஓர் எழுத்து, காணாமல் போன இரண்டு பயனர்கள்

கேள்வி: அப்பாச்சி சர்வரில் எங்கள் தளத்தின் நிர்வாகப் பக்கத்துக்கு மட்டும் பாஸ்வேர்ட் கேட்கும்படி அமைத்திருக்கிறேன். நேற்று எச்டிபாஸ்வேர்ட் (htpasswd) கட்டளை கொண்டு மூன்றாவதாக ஒருவரைச் சேர்த்தேன். அவரால் நுழைய முடிகிறது. ஏற்கெனவே இருந்த இருவரால் முடியவில்லை. என்ன ஆயிற்று? ஒருவரை நீக்குவது எப்படி? ஒவ்வொரு முறையும் சர்வரை மறுதொடக்கம் செய்ய வேண்டுமா?

பதில்: முதல் பயனரைச் சேர்த்தபோது எழுதிய கட்டளையை அப்படியே நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருப்பீர்கள். அதில் சிறிய ‘சி’ (-c) என்ற குறி இருந்திருக்கும். ‘புதிய பாஸ்வேர்ட் கோப்பை உருவாக்கு’ என்பது அதன் பொருள். அதே பெயரில் கோப்பு இருந்தால் ‘அழிக்கட்டுமா?’ என்று அது கேட்பதில்லை. சத்தமில்லாமல் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதும். பழைய இருவரின் வரிகள் அப்படித்தான் போயின. காப்புப் பிரதி இருந்தால் அந்த இரண்டு வரிகளை எடுத்து ஒட்டிவிடலாம், ஏனெனில் இது ஆளுக்கு ஒரு வரி கொண்ட வெறும் உரைக்கோப்பு. இல்லையென்றால் இருவருக்கும் புதிய பாஸ்வேர்ட் கொடுப்பதைத் தவிர வழியில்லை.

நான் இந்தச் சிறிய ‘சி’யைத் தொடுவதே இல்லை. ‘டச்’ (touch) கட்டளையால் வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்கிவிட்டு, முதல் பயனரையும் ‘சி’ இல்லாமலேயே சேர்ப்பேன். கோப்பின் பெயரைத் தப்பாக அடித்தால் கட்டளை மறுத்துவிடும் என்பது கூடுதல் லாபம்.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற தொல்லை கிடையாது; இங்கேயோ அதுதான் எல்லாம். சிறிய ‘பி’ (-b) போட்டால் பாஸ்வேர்டைக் கட்டளை வரியிலேயே தரலாம். தராதீர்கள்: அது கட்டளை வரலாற்றில் பதிந்துவிடும், ஓடும் செயல்களின் பட்டியலிலும் ஒரு கணம் தெரியும். பெரிய ‘பி’ (-B) முற்றிலும் வேறு. பாஸ்வேர்டை பீகிரிப்ட் (bcrypt) என்ற, எளிதில் உடைக்க முடியாத முறையில் மாற்றிச் சேமிக்கச் சொல்கிறது. உங்களுக்கு வேண்டியது இதுதான். பெரிய ‘டி’ (-D) பயனரை நீக்கும். சிறிய ‘டி’ (-d) பழைய கிரிப்ட் (crypt) முறையைப் பயன்படுத்தும். அதில் பாஸ்வேர்டின் முதல் 8 எழுத்துகள் மட்டுமே கணக்கில் வரும். நீக்க நினைத்துச் சிறிய எழுத்தை அடித்தால், போக வேண்டியவருக்குப் புதிய பாஸ்வேர்ட் கேட்டு நிற்கும்!

பெரிய ‘சி’க்கு (-C) வருவோம். பீகிரிப்ட் எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. 4 முதல் 17 வரை தரலாம், தராவிட்டால் 5. ஒவ்வொரு படி ஏறும்போதும் வேலை இரட்டிப்பாகும். அதிகம் என்றால் பாதுகாப்பு என்று 15 போட்டுவிடத் தோன்றும். ஆனால் இந்த அடிப்படைச் சரிபார்ப்பு முறையில் உள்நுழைவு என்று ஒருமுறை நடந்து முடிவதில்லை. பிரவுசர் ஒவ்வொரு கோரிக்கையோடும் பாஸ்வேர்டை மறுபடி அனுப்புகிறது; சர்வர் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கிறது. ஒரு பக்கத்தில் 40 படங்கள் இருந்தால், 40 முறையும் அந்தக் கணக்கு. பக்கம் ஊர்ந்து வந்தால் நெட்வொர்க்கைத் திட்டுவதற்கு முன் இந்த எண்ணைப் பாருங்கள். 10-ஐ ஒட்டி வைத்துப் பார்த்து, தாமதம் தெரிந்தால் இறக்குங்கள்.

இப்படி ஒவ்வொரு முறையும் போகும் பாஸ்வேர்ட் பேஸ்64 என்ற எழுத்துமாற்று வடிவில் போகிறது. அது மறையாக்கம் அல்ல, யாரும் நொடியில் பிரித்துவிடலாம். எச்டிடிபிஎஸ் (மறையாக்கப்பட்ட இணைப்பு) இல்லாத தளத்தில் இந்தப் பூட்டைப் போடவே வேண்டாம்.

பாஸ்வேர்ட் கோப்பு, தளத்தின் பக்கங்கள் உள்ள கோப்புறைக்கு வெளியே இருக்கட்டும். உரிமையாளர் ரூட் (கணினியின் தலைமைப் பயனர்), குழு சர்வருடையது, அனுமதி 640 (உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம்; குழு படிக்க மட்டும்) என்றால் போதும். சர்வரால் கோப்பைப் படிக்க முடியாவிட்டால் பயனருக்கு 401 (அனுமதி மறுப்பு) அல்ல, 500 (சர்வரின் உள் கோளாறு) என்ற பிழை வரும்; அப்போது பாஸ்வேர்டைச் சந்தேகித்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

மறுதொடக்கம் தேவையில்லை. வழக்கமான அமைப்பில் அப்பாச்சி இந்தக் கோப்பை ஒவ்வொரு கோரிக்கையின்போதும் படிக்கிறது. ஒருவரை நீக்கினால் அவர் பிரவுசரைத் திறந்தே வைத்திருந்தாலும் அடுத்த கிளிக்கில் 401 வரும். சர்வரின் அமைப்புக் கோப்பையே திருத்தினால்தான் ரீலோட் (அமைப்பை மறுபடி படிக்கவைப்பது) வேண்டும்.

புதிய பாஸ்வேர்ட் கொடுத்த பிறகும் அந்த இருவரில் ஒருவர் ‘வேலை செய்யவில்லை’ என்றால், சிறிய ‘வி’ (-v) போட்டு, கோப்பையும் பயனர் பெயரையும் கொடுங்கள். பாஸ்வேர்டைக் கேட்டு, பொருந்துகிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும், கோப்பை மாற்றாது.