வீடு வரைஞ்சேன், ஆனா அது என் வீடு மாதிரி இல்லையே?

கேள்வி: வேலைக்காக வெளியூர் வந்து தனியா இருக்கேன். வீடு, அது தர்ற நிம்மதி, இதை வெச்சு ஆர்ட் ஜர்னல்ல (படமும் எழுத்துமா நிரப்பற நோட்டு) சில பக்கங்கள் பண்ணலாம்னு ஆரம்பிச்சேன். கூரை, கதவு, ஜன்னல், நடுவுல ஒரு ஹார்ட் எல்லாம் வரைஞ்சேன், பார்த்தா வாழ்த்து அட்டை மாதிரி இருக்கு. பக்கம் வேற நெளிஞ்சுபோச்சு, ஒட்டின போட்டோவுல கலர் கரைஞ்சு ஓடிருச்சு. இன்னொரு விஷயம், வீடுன்னா எனக்கு சண்டையும்தான் ஞாபகம் வருது. அதையும் வைக்கலாமா?
(பெயர் வேண்டாம் எனக் கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: உங்க கை மேல தப்பே இல்லைங்க. கூரை, கதவு, ஹார்ட் எல்லாம் யார் வீட்டுக்கும் பொருந்தும், அதான் அதுல உங்க வீடு தெரியலை. முழு வீட்டையும் வரையணும்ங்கற எண்ணத்தையே விட்டுடுங்க. ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு மூலை போதும். நீங்க எங்க போய் உட்காருவீங்க, எந்த ஜன்னல் பக்கம் தலைவெச்சுப் படுப்பீங்க, எந்தக் கதவு மூடும்போது மட்டும் சத்தம் போடும், அப்படி ஒண்ணை எடுத்துக்கோங்க. வரையறதுக்கு முன்னாடி அந்த இடத்துல கைக்கு என்னென்ன தட்டுப்படும்னு ஒரு தாள்ல எழுதிப் பாருங்க, ஏன்னா மிக்ஸ்ட் மீடியாவோட, அதாவது பெயின்ட், பேப்பர், துணின்னு பலதையும் ஒண்ணா சேர்த்துப் பண்ற முறையோட, பலமே அதுதான், சொரசொரப்பை வரைஞ்சு காட்ட வேண்டியதில்லை, சொரசொரப்பான பொருளையே கொண்டுவந்து ஒட்டிடலாம். 1912லயே பிக்காசோ நாற்காலிப் பின்னல் அச்சடிச்ச எண்ணெய்த்துணியை ஓவியத்துல ஒட்டி, சுத்தி நிஜக் கயித்தையே சட்டமா வெச்சுட்டாரு.

நீங்க தூரத்துல இருக்கீங்க இல்லையா, அதனால எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு வழி சொல்றேன். 1925ல மேக்ஸ் எர்ன்ஸ்ட்ங்கற ஓவியர் கடலோரத்துல ஒரு விடுதியில தங்கியிருந்தப்போ, மரத்தரையில இருந்த கோடுகள் மேல பேப்பரைப் போட்டு பென்சில் கரியால தேய்ச்சாரு, அந்தத் தரை அப்படியே பேப்பர்ல ஏறிடுச்சு, ஃப்ரோட்டாஜ்னு இந்த முறைக்குப் பேரு. அடுத்த தடவை வீட்டுக்குப் போறப்போ மெல்லிசு பேப்பரும் ஒரு மெழுகு கிரேயானும் எடுத்துட்டுப் போங்க. தரை, கதவோட மரம், சாவித்துவாரம், ஜன்னல் கம்பி, சுவத்துல பெயின்ட் உரிஞ்ச இடம்னு எல்லாத்தையும் தேய்ச்சு எடுங்க. இப்போதைக்குப் போக முடியலைன்னா வீட்ல இருக்கறவங்களையே தேய்ச்சு தபால்ல அனுப்பச் சொல்லுங்க, சின்னப் பசங்க இருந்தா ஆசையா செய்வாங்க. மெழுகு ஏறின இடத்துல தண்ணி ஒட்டாது, அதனால மேல வாட்டர்கலரைத் தண்ணியா அடிச்சா கோடு மட்டும் தனியா எழும்பி நிக்கும். எந்த ஸ்டென்சிலும் இதைத் தராது, அது உங்க வீட்டுக் கதவோட ரேகைங்க.

துணி சேர்க்கணும்னா பழைய தலையணை உறையில இருந்து ஒரு துண்டு வெட்டி, இஸ்திரி போட்டு, நோட்டுப் பக்கத்து மேல ஜெல் மீடியம் (பசை மாதிரி ஒட்டற அக்ரிலிக் ஜெல்) மெல்லிசா தடவி அழுத்துங்க, ஓரத்தை மட்டும் ஒட்டாம விட்டு ரெண்டு மூணு நூலை உருவி விடுங்க. காய்ஞ்சதும் ஜெஸ்ஸோவை (பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி பூசற வெள்ளை அடிப்பூச்சு) கொஞ்சமா தண்ணி விட்டுக் கரைச்சு மேல தடவி உடனே காஞ்ச துணியால துடைச்சா பூ டிசைன் பாதி மறைஞ்சு பாதி தெரியும், ரொம்ப நாள் துவைச்சு வெளுத்த மாதிரி. புதுசா வாங்கின டிசைன் பேப்பர்ல இந்தப் பழக்கப்பட்ட தன்மை வரவே வராது. பேப்பர் ஒட்டறதா இருந்தாலும் கத்தரிக்கோலைத் தள்ளிவெச்சுட்டுக் கிழிங்க. அச்சடிச்ச தாளைக் கிழிச்சா ஒரு துண்டோட ஓரத்துல உள்ள இருக்கற வெள்ளை தெரியும், இன்னொண்ணுல தெரியாது, எது வேணுமோ அதை எடுத்துக்கலாம்.

பக்கம் நெளியறதுக்குக் காரணம் பேப்பர்தான். மெல்லிசு தாள் தண்ணியைத் தாங்காது. அடுத்த புக் வாங்கும்போது 300 ஜிஎஸ்எம் (பேப்பரோட கனத்தைச் சொல்ற அளவு) வாட்டர்கலர் பேப்பரா பாருங்க. இப்ப இருக்கற புக்கைத் தூக்கிப் போட வேண்டாம், ரெண்டு ரெண்டு தாளா சேர்த்து ஒட்டி, ரெண்டு பக்கமும் ஜெஸ்ஸோ அடிச்சு, நல்லாக் காய்ஞ்சப்புறம் கனமான புத்தகங்களை மேல வெச்சு ஒரு ராத்திரி விட்டுடுங்க.

போட்டோ கரைஞ்சது அநேகமா இங்க்ஜெட் பிரின்ட்டா இருக்கும், அந்த மை பெரும்பாலும் ஈரம் பட்டா ஓடிடும். லேசர் பிரின்ட்டோ ஜெராக்ஸோ எடுத்து ஒட்டினா நிக்கும். ஒரிஜினல் போட்டோவைத் தயவுசெஞ்சு ஒட்டாதீங்க, எப்பவும் காப்பிதான். செய்தித்தாள் சேர்த்தா நாளடைவுல மஞ்சளாகும், வீட்டைப் பத்தின பக்கத்துக்கு அது எனக்கு அழகாத்தான் படுது, உங்களுக்குப் பிடிக்கலைன்னா அதையும் காப்பி எடுத்துடுங்க.

இப்ப அந்தச் சண்டை. கண்டிப்பா வைங்க. அது இல்லாம பண்ணினதாலயும்தான் அது வாழ்த்து அட்டையா போயிருக்குன்னு எனக்குத் தோணுது. ஆனா யாரும் படிக்கற மாதிரி வைக்கணும்னு அவசியமே இல்லை. வெறும் பக்கத்துல முதல்ல எல்லாத்தையும் எழுதிக் கொட்டிடுங்க, யார் என்ன சொன்னாங்க, நீங்க என்ன சொல்லாம விட்டீங்க, கோபம் தீர்ற வரைக்கும், எழுத்து மேலயே எழுத்து ஏறினாலும் பரவாயில்லை. அப்புறம் மேல ஜெஸ்ஸோ அடிங்க. மெல்லிசா அடிச்சா எழுத்து நிழலா தெரியும் ஆனா படிக்க வராது, கெட்டியா ரெண்டு தடவை அடிச்சா சுத்தமா மறைஞ்சுடும், எவ்வளவு தெரியணும்ங்கறது உங்க முடிவு. தண்ணிக்குக் கரையாத மைப் பேனாவால எழுதினா ஜெஸ்ஸோ வெள்ளையாவே இருக்கும், சாதா மைன்னா அதுல கலந்து சாம்பலும் நீலமுமா ஒரு நிறம் வரும், சில நேரம் அந்தப் பக்கத்துக்கு அதுதான் சரியான நிறமா இருக்கும். அந்த அடுக்குக்கு மேலதான் தலையணை உறை, கதவு ரேகை, எல்லாம் வரணும்.

ஆயில் பேஸ்டல் (எண்ணெய்ப் பசையுள்ள கலர் குச்சி) தொடறதா இருந்தா கடைசியா தொடுங்க, அதுமேல ஜெஸ்ஸோ, ஜெல் மீடியம் மாதிரி அக்ரிலிக் எதுவும் சரியா பிடிக்காது, ஜெல் பேனாவும் எழுதாம சறுக்கும், அதனால எழுத வேண்டியதை முன்னாடியே எழுதிடுங்க. அது முழுசா காயவும் செய்யாது, அக்ரிலிக் பக்கங்களும் மூடி வெச்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அதனால நடுவுல ஒரு பட்டர் பேப்பர் வெச்சு மூடுங்க. துணியெல்லாம் ஒட்டி புக் உப்பிப்போச்சுன்னா நடுநடுவுல சில தாள்களை, தையல்கிட்ட ஒரு விரல் அகலம் மட்டும் விட்டு வெட்டி எடுத்துடுங்க, அப்பதான் அடுத்த பக்கங்களுக்கு இடம் கிடைக்கும்.