சுவரேற விரும்பும் மகளை எந்தப் பிரிவில் சேர்ப்பது?

கேள்வி: பாரிஸ் ஒலிம்பிக்கில் சுவரேறும் போட்டியைப் பார்த்ததிலிருந்து, என் 13 வயது மகள் அதைக் கற்றே தீருவேன் என்கிறாள். மலையேற்றமும் இதுவும் ஒன்றுதானா? போல்டரிங், லீட், ஸ்பீடு என்கிறார்களே, எதில் சேர்ப்பது? விழுந்துவிடுவாளோ என்று பயமாகவும் இருக்கிறது. – ஒரு தாய், கொருக்குப்பேட்டை.

பதில்: கயிறில்லாமல் தாழ்வான சுவரில் ஏறும் போல்டரிங்கில் சேர்த்துவிடுங்கள். உங்கள் மகள் நிச்சயம் விழுவாள். ஒரே நாளில் 20 முறைகூட விழலாம். விழும் முறையை முதலிலேயே பழக்குவது அந்தப் பிரிவு என்பதால்தான் அதைச் சொல்கிறேன்.

மலையேற்றமும் இதுவும் ஒன்றல்ல. மலையேற்றத்தில் உச்சியை அடைவதே குறிக்கோள். சுவரேறுதலுக்குத் தாயான பாறையேற்றம் நெடுங்காலம் அதற்கான பயிற்சியாகவே இருந்தது. 1886-இல் இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில், நேப்ஸ் நீடில் என்ற ஊசிப்பாறையில் வால்டர் ஹாஸ்கெட் ஸ்மித் தனியாக ஏறியதையே அது தனி விளையாட்டானதன் தொடக்கமாகப் பலரும் கருதுகிறார்கள். அக்காலத்து நார்க்கயிறு நீண்டு கொடுக்காது, வேகமாக இழுபட்டால் அறுந்துவிடும் என்பதால், முன்னால் ஏறுபவர் விழவே கூடாது என்பது எழுதப்படாத விதியாக இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவிய நைலான் கயிறு இழுபடும்போது நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொண்டதால், விழுந்து, எழுந்து, மீண்டும் முயலும் துணிச்சல் பிறந்தது. என்னைக் கேட்டால், இன்றைய விளையாட்டைச் சாத்தியமாக்கியது அந்தக் கயிறுதான்.

லீட் பிரிவில், ஏறுபவர் கயிற்றைச் சுவரிலுள்ள கொக்கிகளில் மாட்டிக்கொண்டே 6 நிமிடங்களுக்குள் இயன்ற உயரம் ஏற வேண்டும். கீழே ஒருவர் அந்தக் கயிற்றைக் கவனமாகப் பிடித்திருப்பார். ஸ்பீடு என்பது 15 மீட்டர் சுவரில், உலகெங்கும் ஒரே மாதிரி அமைந்த பிடிகளில் ஓடும் ஓட்டம். பாரிஸில் போலந்தின் அலெக்சாண்ட்ரா மிரோஸ்லாவ் 6.06 விநாடிகளில் ஏறினார். அதற்கு முந்தைய டோக்கியோ ஒலிம்பிக்கில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதக்கம். பாரிஸில் ஸ்பீடைத் தனியாகப் பிரித்தார்கள்.

போல்டரிங்கில் கயிறே இல்லை. சுமார் 4 மீட்டர் சுவர், கீழே தடித்த மெத்தை, அவ்வளவுதான். விழும்போது இரு பாதங்களும் சேர்ந்து மெத்தையில் பட வேண்டும், முழங்கால்கள் மடங்க வேண்டும், பிறகு முதுகால் பின்னோக்கி உருள வேண்டும். கைகளை மார்போடு கட்டிக்கொள்ள வேண்டும். பின்னால் கையூன்றுவது இயல்பாக வரும் பழக்கம். மணிக்கட்டும் முழங்கையும் முறிவது பெரும்பாலும் அதனால்தான். முதல் வகுப்பிலேயே இதைப் பழக்காத பயிற்சியிடத்தில் பணம் கட்டாதீர்கள்.

நம் கடலோரப் புழுக்கத்தில் உள்ளங்கை வழுக்கும் என்பதால் மெக்னீசியம் கார்பனேட் மாவு அவசியம். நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். 13 வயதில் விரல் எலும்புகள் வளர்ந்துகொண்டிருக்கும்; ஆகவே மரப்பலகையில் விரல்களால் தொங்கும் பயிற்சி இப்போது வேண்டாம். நடுவிரலின் நடு மூட்டில் வலி நீடித்தால் ஏறுவதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

சில மாதங்கள் கழித்து லீட் பழகலாம். காசிமேட்டில் வலையும் கயிறும் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு முடிச்சு புதிதல்ல. ஆயினும் இடுப்புப் பட்டையில் போடும் 8 வடிவ முடிச்சில் இரு இழைகளும் பின்னாமல் இணையாக ஓடுகின்றனவா, முனை ஒரு சாண் அளவாவது வெளியே நிற்கிறதா என்பதை, ஒவ்வொரு முறை ஏறுமுன்னும் அவளும் கயிறு பிடிப்பவரும் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.